அசுந்தா வீட்டுத் தக்காளி

என் வீட்டுக்காரரை இருபத்தோரு நாள் படுக்கையில் போட்டு வதைத்த டைபாய்டு ஜுரம், அறுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம் முதல் வாரத்தில் வந்த வழியே போய்விட்டது. போகிற சனியன் தனியாகப் போயிருக்கக் கூடாதா? அவருடைய பசியையும் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கஞ்சி வைத்தேன். ரசம்சாதம் குழையப் பிசைந்து வைத்தேன். ஜவ்வரிசி காய்ச்சினேன். எதைக் கொடுத்தாலும் ஒரு வாய், அதோடு சரி. முகம் சுளித்தாலாவது நாலு வார்த்தை திட்டலாம். அவர் சிரிப்பார். "வெச்சுட்டுப் போ தில்லே, அப்புறம் சாப்பிடறேன்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது. சாயங்காலம் ஈ மொய்த்த கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்ப்பேன்.

ஜுரம் விட்ட பத்தாம் நாள் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஜுரம் போயிடுச்சும்மா. என் மருந்தோட வேலை முடிஞ்சுது. இனிமே சோறுதான் மருந்து. இப்பிடியே இன்னும் ஒரு வாரம் போச்சுன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அவர் வாய்க்கு எது பிடிக்குதோ அதைக் குடுங்க. காரம் மட்டும் வாணாம்."

மகளை ஆரணியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது, வர முடியாது. வீட்டில் நானும் அவரும் மட்டும். எனக்கு ஒரு வாரம் இருந்தது.

என் வீட்டுக்காரர் பஞ்சாட்சரம் என்றால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். பட்டாளத்துக்குப் போய்வந்த நெசவுக்காரர் எங்கள் தெருவில் அவர் ஒருத்தர்தான். ஆள் நல்ல உயரம், குழித்தறியில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். அந்த மனுஷர் கோரைப்பாயில் ஒரு மடித்துப்போட்ட வேட்டி அளவுக்குக் கிடந்தார். கண் மட்டும் மோட்டுவளையில் இருந்தது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மத்தியானம் முழுக்க ஒரே தாளத்தில் வரும். அதைக் கேட்டுக்கொண்டே அவர் மோட்டைப் பார்த்துப் புன்னகை செய்வார். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. யாரோ அவருக்கு மட்டும் கதை சொல்லிக்கொண்டிருப்பதுபோல அவ்வப்போது தலையை ஆட்டுவார்.

டாக்டர் போன அன்றைக்கு மத்தியானம், பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே கேட்டேன்: "எங்க இருக்கீங்க இப்ப?"

"அசுந்தா வூட்ல" என்றார்.

விசிறி என் கையிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பேரை நான் இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறேன். உலகச் சண்டைக் காலத்தில் நூல் கிடைக்காமல் ஊரே தறியை நிறுத்தி வைத்திருந்தபோது அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். பாலைவனத்தில் பிடிபட்டு, கைதியாக இத்தாலி தேசத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே ஆட்சி குலைந்து காவலர்கள் ஓடிப்போன ஒரு நாளில் இவரும் முகாமைவிட்டு ஓடி, மலைமேல் ஒரு குடியானவர் வீட்டில் ஒளிந்துகொண்டார். ஒன்பது மாதம். இவ்வளவும் ஊருக்கே தெரியும். அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். என் புத்தி அப்படி. கல்யாணமாகி முதல் வருஷம், எனக்குப் பதினெட்டு வயசு. ஒரு நாள் அவர் மார்க்கெட்டிலிருந்து ஒரு கூடை தக்காளி வாங்கிவந்து, புழக்கடையில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, சட்டியில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். வாய் என்னவோ முணுமுணுத்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. தாலி கட்டின நேரத்தில்கூட அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. "யார் சொல்லிக்குடுத்தாங்க இதை?" என்று கேட்டேன். அவருக்குப் பொய் வராது. "அசுந்தான்னு ஒரு பொண்ணு" என்றார். நான் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, கொதிக்கக் கொதிக்க வாழை மரத்தடியில் கொட்டினேன். அவர் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் இத்தாலியைப் பற்றி வாயைத் திறந்ததே இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு மட்டுகூட இல்லை, சுத்தமாகவே இல்லை.

இப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "தக்காளியெல்லாம் களத்துல நெல்லு மாதிரி கொட்டிக் கெடக்குது தில்லே. எல்லார் கையும் செவப்பு. பெரிய கொப்பரை. ரொட்டி சுடற நாள் இன்னைக்கி. அடை மாதிரி தட்டி, அது மேல அந்தச் சாறைத் தடவி, சூளையில தள்ளுவாங்க. பீட்சாம்பாங்க. வாசனை அடிக்குது பாரு."

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். என் வீட்டில் விபூதி வாசனையும் கஞ்சி வாசனையும்தான் இருந்தன.

"அதைப் பண்ணிக் குடுத்தா சாப்பிடுவீங்களா?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு மோட்டை விட்டு என்னைப் பார்த்தார். "நீயா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது. சுடட்டும், எனக்கு வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டு லோகாம்பாள் என்னைவிடப் பத்து வயசு பெரியவள். நல்லவள்தான், ஆனால் நாக்கு நீளம். தக்காளி வாங்கப் போகிறேன் என்று அவளிடம் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆசப்பட்டுக் கேட்டாரா?"

"ஆமா லோகாக்கா."

"குடுத்துடும்மா. எங்க மாமனார் அப்பிடித்தான், பத்து நாள் இழுத்துக்கினு கெடந்தாரு. கரும்புச்சாறு கரும்புச்சாறுன்னாரு. ஒரு மொடக்குக் குடுத்தோம். நிம்மதியாப் போயிட்டாரு. ஆச தீந்தாத்தான் உசுரு வழி விடும்."

"வாயைக் கழுவு!" என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. "நான் அவரை எழுப்பறதுக்குப் பண்றேன், அனுப்பறதுக்கு இல்ல."

கத்தினேனே தவிர, அவள் சொன்னது முள்ளாகத் தைத்துவிட்டது. கேட்டதைக் கொடுத்தால் உயிர் போகும் என்று நம் பக்கத்தில் யார் சொல்லவில்லை? கொடுக்காவிட்டாலோ டாக்டர் சொன்ன ஒரு வாரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நான் கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன்.

முதல் தடவை நான் செய்தது ஒரு நல்ல தக்காளிக் குழம்பு. அதுதான் தப்பு. அவர் சொன்னபடி தக்காளியைச் சுடுதண்ணீரில் போட்டுத் தோலை உரித்தேன், விதையைப் பிதுக்கினேன், பூண்டு தட்டிப் போட்டேன். அதுவரைக்கும் சரி. பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றியது. கடுகைத் தாளித்தது. பெருங்காயத்தைப் போட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை அதையெல்லாம் செய்துவிட்டது. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "நல்லா இருக்குது தில்லே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றைக்குக் கஞ்சியும் இறங்கவில்லை.

"இன்னா கொறைச்சல், சொல்லித் தொலைங்களேன்" என்று மறுநாள் காலையில் கெஞ்சினேன். நான் கெஞ்சினால்கூட அது சண்டைபோலத்தான் கேட்கும்.

அவர் கனவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். புளி கூடாது. கடுகு கூடாது. நல்லெண்ணெய் வேண்டாம், அங்கே ஆலிவ் காயில் ஆட்டின எண்ணெய். அப்புறம் ஒரு இலை. "தொளசி மாதிரி இருக்கும், தொளசி இல்ல. பசீலிக்கோம்பாங்க. சன்னல்ல சட்டியில வளரும். கையால கிள்ளித்தான் போடணும், கத்தி படக் கூடாது."

ஆலிவ் எண்ணெய் இங்கிலீஷ் மருந்துக் கடையில் கிடைத்தது. குழந்தைகளுக்குத் தேய்க்கிற சின்னச் சீசா. கடைக்காரர் "வூட்ல கொழந்தையாம்மா?" என்று கேட்டார். "ஆமா, நாப்பத்தெட்டு வயசு" என்றேன். இலைக்கு நான் என்ன செய்வேன்? துளசி மாதிரி என்றால் துளசிதான் என்று நினைத்தேன். சின்ன காஞ்சிபுரத்துக்கு நடந்துபோய், வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் ஒரு கொத்து வாங்கிவந்தேன். பெருமாளே, உன் கழுத்துக்குப் போகவேண்டியதைக் குழம்புக்குக் கொண்டுபோகிறேன், மன்னித்துவிடு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அது சட்டியில் கருத்துச் சுருண்டது. அவர் ஒரு வாய் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "சளிக்குக் குடுக்கற கஷாயம் மாதிரி இருக்குது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மோட்டைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இரண்டு நாள் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனேன். வேண்டிக்கொள்ள அல்ல, சண்டை போட. சன்னதித் தெருவில் முனிசாமி உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தான். தாமல் பக்கத்திலிருந்து விடியற்காலையில் பூவும் இலையும் கொண்டுவருகிறவன். அவன் முன்னால் ஈரச் சாக்கில் ஒரு பச்சைக் கட்டு. அதைத் தாண்டும்போது என் கால் நின்றுவிட்டது.

துளசி மாதிரி. துளசி இல்லை.

"முனிசாமி, இது இன்னாப்பா?"

"இன்னாம்மா இப்பிடிக் கேக்கறே? திருநீத்துப்பச்சை. தெனம் சாமிக்குப் போவுதே. நீதான் தெனம் கண்ல ஒத்திக்கினு போறியே."

கிள்ளி முகர்ந்தேன். கிராம்பும் சோம்பும் மழைத் தண்ணீரும் கலந்தாற்போல ஒரு வாசனை. பிறந்த நாளிலிருந்து இந்த வாசனை என் சிவபெருமான் கழுத்தில் இருக்கிறது. எந்தத் தேசத்திலோ எவளோ ஒருத்தி இதைக் குழம்பில் போடுகிறாள் என்று யாருக்குத் தெரியும்? ஒரு கைப்பிடி கேட்டேன். முனிசாமி ஒரு முழுக் கட்டாகவே கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லாமல் ஒரு இலையைக் கசக்கி அவர் மூக்கருகே பிடித்தேன். அவர் மூச்சை இழுத்தார். விட மனசில்லாதவர்போல அப்படியே வைத்திருந்தார். பிறகு இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. கையை ஊன்றிக்கொண்டு தானாகவே எழுந்து உட்கார்ந்தார். ஒரு மாசத்தில் முதல் தடவை.

"இதான்" என்றார்.

அன்றைக்குச் செய்ததில் நான்கு வாய் சாப்பிட்டார். நான்கு! அப்புறம் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"இலை சரி. ஆனா புளிக்குது."

"தக்காளின்னா புளிக்காம?"

"அவ பண்ணா புளிக்காது."

"அவ இன்னா பண்ணுவா?"

"ஒண்ணும் பண்ண மாட்டா. ருசி பாத்துக்கினே இருப்பா. கரண்டியை எடுத்து ஊதுவா, நாக்குல வெப்பா, மறுபடியும் கிண்டுவா. ஒவ்வொரு தக்காளியும் வேற வேற தில்லே. எப்ப எறக்கறதுன்னு வாய்ல போட்டாத்தான் தெரியும்."

எங்கள் வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்கிற வழக்கம் கிடையாது. ஆக்கினது முதலில் சாமிக்கு, பிறகு வீட்டு ஆண்களுக்கு, அவர்கள் எழுந்த பிறகு அதே இலையில் எனக்கு. நாக்கில் பட்டுவிட்டால் அது எச்சில், எச்சில் சாமிக்கு ஆகாது. பாவாடை கட்டின வயசிலிருந்து அப்படித்தான். கொதிக்கிற சத்தத்தையும் வாசனையையும் வைத்துத்தான் நான் சமைப்பேன். அடுப்பிலிருக்கிற பண்டத்தின் ருசி எப்படி இருக்கும் என்று எனக்கு இந்த முப்பத்தொன்பது வயசு வரைக்கும் தெரியாது. என் எச்சிலை என் புருஷன் சாப்பிடுவதா? நினைக்கவே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"உங்களை ஒண்ணு கேக்கறேன்" என்றேன். "நெஜத்தைச் சொல்லுங்க. அவளைப் பிடிச்சுதா உங்களுக்கு?"

"பிடிச்சுது."

"கட்டிக்கணும்னு நெனைச்சீங்களா?"

"நெனைச்சேன்" என்றார்.

"அப்ப ஏன் வந்துட்டீங்க?"

"நம்ம பட்டாளம் வந்துச்சு. லாரி நின்னுச்சு. ஏறுன்னாங்க, ஏறிட்டேன்."

"அவ?"

"வாசப்படில கையைத் தொடைச்சுக்கினு நின்னா. கையெல்லாம் மாவு. அவ்ளோதான்." அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். "இப்ப மூஞ்சி ஞாபகத்துக்கு வரல தில்லே. எவ்வளவு தேடினாலும் கை மட்டுந்தான் தெரியுது."

நான் எழுந்து புழக்கடைக்குப் போய், கிணற்றடியில் உட்கார்ந்து, ஒரு குடம் அழுதேன். பொறாமை என்றால் பொறாமைதான், அதை நான் மறைக்கவில்லை. அழுது முடித்து மூஞ்சியைக் கழுவிக்கொண்டு, மிச்சமிருந்த தக்காளியை எடுத்தேன்.

சாமி அறைக் கதவைச் சாத்தினேன். புழக்கடையில் மூன்று கல்லை வைத்தேன். புது மண்சட்டி. சீசா எண்ணெயில் இரண்டு கரண்டி ஊற்றிப் பூண்டைப் போட்டேன். பொன்னிறம் வருவதற்குள் தக்காளியைக் கையால் பிசைந்து போட்டேன். கை மணிக்கட்டு வரைக்கும் சிவந்துபோயிற்று. தீயைக் குறைத்தேன். கிண்டினேன். கிண்டிக்கொண்டே இருந்தேன்.

மத்தியான வெயில் முருங்கை மரத்தின் வழியாகச் சில்லறையாக விழுந்தது. அண்டை அயல் தறிகளெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டாற்போல இருந்தது. சட்டிக்குள் ஒரு குமிழ் எழும், யோசிக்கும், உடையும். நான் கரண்டியைத் தூக்கினேன். சுற்றிலும் பார்த்தேன். திருடி போல நாக்கில் வைத்தேன்.

சுட்டது. அப்புறம் புளித்தது. காது வரைக்கும் கூசியது. ஒரு சிட்டிகை வெல்லம் போட்டேன். கிண்டினேன். மறுபடியும் வைத்தேன். புளிப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு எட்டிப்பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. அதைப் பிடிக்க இன்னொரு தடவை. இன்னும் கொஞ்ச நேரம். இன்னொரு தடவை. அடுப்புமேல் இருக்கிற பண்டம் இப்படி நிமிஷத்துக்கு நிமிஷம் வேறாக மாறிக்கொண்டிருக்கும் என்று என்னிடம் யாராவது சொன்னார்களா? பசியே இல்லாமல் நான் ருசித்துக்கொண்டிருந்தேன். உடம்பு லேசாகிவிட்டது. நேரம் என்ன என்று தெரியவில்லை.

புகையில் கண் கரித்தபோது எதிரில் ஒருத்தி இருந்தாள். சட்டிக்கு அந்தப் பக்கம், கையெல்லாம் சிவப்பாக. முகம் எனக்கும் தெரியவில்லை. நான் கரண்டியை ஊதினால் அவளும் ஊதினாள். அவளைத் திட்டுவதற்காகவே இருபத்தோரு வருஷமாக வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன், அடுக்கடுக்காக. ஒன்றும் வாயில் வரவில்லை. அந்த ஒன்பது மாதம் அவள் சோறு போடாமல் விட்டிருந்தால் எனக்குப் புருஷன் ஏது, பிள்ளை ஏது? "அம்மாடி, நீ நல்லா இருக்கணும்" என்று வாய்விட்டே சொன்னேன்.

நிறம் குங்குமச் சிவப்பிலிருந்து அரக்குக்குத் திரும்பப் போகிற நேரம், கடைசியாக ஒரு தடவை நாக்கில் வைத்தேன். புளிப்பும் இனிப்பும் சண்டையை நிறுத்தி ஒன்றாகிவிட்டன. இறக்கிவிட்டேன். இலையைக் கிள்ளிப் போட்டு மூடினேன்.

காய்ச்சல்காரருக்கென்று பாய் கடையில் வாங்கிய ரொட்டி இருந்தது. இரண்டு துண்டைத் தோசைக்கல்லில் மொறுமொறுவென்று வாட்டி, சூடாக இருக்கும்போதே அந்தச் சாறைத் தடவி எடுத்துக்கொண்டு போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நான் ருசி பாத்தேன். ஒரு தடவை இல்ல, பத்துப் பதினஞ்சு தடவை. எச்சில் பண்டம். வாணாம்னா சொல்லிடுங்க."

அவர் ரொட்டியை வாங்கிக் கடித்தார். மெதுவாக மென்றார். மறுபடியும் கடித்தார். முதல் துண்டு தீர்ந்தது. இரண்டாவதையும் எடுத்தார். விரலில் ஒட்டியிருந்ததைக்கூட வழித்துச் சாப்பிட்டார். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு காலியானதும் தலையணையில் சாய்ந்தார். பெருமூச்சு விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். கை வழுக்கிப் பாயில் விழுந்தது.

முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

லோகாம்பாள் சொன்ன வார்த்தை என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ஆசை தீர்ந்துவிட்டது. நானே தீர்த்துவிட்டேன். அடிப்பாவி, வேலை மெனக்கெட்டு அடுப்பு மூட்டி, ருசி பார்த்துப் பார்த்து, வழியனுப்பி வைத்துவிட்டாயே!

"இன்னாங்க" என்றேன். "இன்னாங்க!"

உதடு அசைந்தது.

"தில்லே."

"சொல்லுங்க. சொல்லுங்க சாமி, இங்கதான் இருக்கேன்."

"நாளைக்கி வத்தக்குழம்பு வெக்கறியா?"

"வெக்கறேன். வெக்கறேன்."

"உப்பு மட்டும் ஒரு கல்லு கொறைச்சுப் போடு." கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து உன் குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்தான்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. சாகப் போகிறவன் நாளைக்கு வைக்கிற குழம்பில் உப்பைக் குறைக்கச் சொல்லுவானா?

"இருவத்திரெண்டு வருஷமா வாய்ல இன்னா கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிட்டது. லோகாம்பாள் பதறிப்போய் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டத் திட்ட என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, நிறுத்த முடியவில்லை.